தண்ணீர் அறிக்கையின் கடைசி வரி: ஈ.கோலியின் உயிரியலும் வகைப்பாடும்

சேலம் நகரின் புறப்பகுதிகளில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும், ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்களும், சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் ஊற்றுநீரைக் குழாய் வழியே இறக்கிக் குடிப்பவர்களும் ஏதாவதொரு கட்டத்தில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும் அறிக்கையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் கடைசி வரியில், ஈ.கோலி என்ற பெயர் நிற்கும். ‘உண்டு’ என்று வந்துவிட்டால், சிலர் கிணற்றையே மூடிவிட வேண்டுமோ என்று கலங்குகிறார்கள். வேறு சிலர், எல்லோர் வயிற்றிலும் இருக்கும் கிருமிதானே என்று சொல்லி அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரு சாராரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஈ.கோலி ஒரு நோயின் பெயர் அன்று, ஒரு சிற்றினத்தின் பெயர். அந்தச் சிற்றினத்துக்குள்ளேயே குடலைக் காப்பவையும் உண்டு, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவையும் உண்டு. சிற்றினத்தின் எந்த உட்பிரிவு, அதாவது எந்தக் கிளை, எந்த இடத்தில் காணப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் கிடைக்கும். அதற்கு இந்த உயிரியின் உடலமைப்பையும் வாழ்முறையையும் வகைப்பாட்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எசரிக்கியா கோலி என்பது இதன் முழுப்பெயர். கோல் வடிவம் கொண்ட இந்த பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். தடிமன் 1 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீளவாக்கில் 500 செல்களை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் உருவாக்கிய சாயமுறையில், முதலில் ஏற்றப்படும் ஊதாச் சாயத்தை இது ஆல்கஹாலில் இழந்து, பின்னர் ஏற்றப்படும் சாஃப்ரனினின் இளஞ்சிவப்பைப் பெறுகிறது. ஆகவே இது கிராம்-நெகட்டிவ் வகையைச் சேர்ந்தது. இந்த நிறவேறுபாட்டுக்குக் காரணம் செல் சுவரின் அமைப்பு. கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களில் தடித்த அடுக்காக இருக்கும் பெப்டிடோகிளைக்கான் இதில் மிக மெல்லியது. அதற்கு வெளியே இன்னொரு சவ்வும் போர்த்தியிருக்கிறது. அந்த வெளிச்சவ்வின் புறப்பரப்பில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கொழுப்பும் சர்க்கரைத் தொடரும் இணைந்த மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. மருத்துவத்தில் இந்தச் சவ்வுக்கு இரட்டை முக்கியத்துவம் உண்டு. வான்கோமைசின் போன்ற பெரிய மருந்து மூலக்கூறுகளை அது உள்ளே விடுவதில்லை. பாக்டீரியா இரத்தத்தில் புகுந்துவிட்டாலோ, அதே லிப்போபாலிசாக்கரைடுதான் கடும் காய்ச்சலுக்கும் இரத்த அழுத்தச் சரிவுக்கும் தூண்டுகோலாகிறது.

உள்ளே உட்கரு கிடையாது. வட்ட வடிவக் குரோமோசோம் ஒன்று சுருண்டு மடிந்து கிடக்கிறது. அதை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல், அதாவது செல்லின் நீளத்தைப் போல் எண்ணூறு மடங்கு அளவுக்கு வரும். அதோடு பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ வளையங்களும் பல கிளைகளில் இருக்கும். செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறக்கூடிய இந்த வளையங்கள்தாம் பின்னால் வரும் நோய்க் கதைகளுக்கும் மருந்து எதிர்ப்புக் கதைகளுக்கும் மையம். உடலின் பல பக்கங்களிலிருந்து கசையிழைகள் முளைத்திருக்கும். அவை இடஞ்சுழியாகச் சுழலும்போது ஒன்றாகப் பின்னிக்கொண்டு செல்லை நேராகச் செலுத்துகின்றன. ஒன்றோ சிலவோ வலஞ்சுழியாக மாறினால் பின்னல் பிரிந்து செல் உருண்டு திசை மாறுகிறது. உணவு நோக்கிப் போகையில் உருளுதல் குறைந்து நேரோட்டம் நீள்கிறது. மூளையோ நரம்போ இல்லாத ஒரு செல், சற்று முன் இருந்த செறிவையும் இப்போதுள்ள செறிவையும் ஒப்பிட்டு வழி தேர்ந்துகொள்வதை 1970களில் நுண்ணோக்கி வழியே பின்தொடர்ந்து நிறுவினார்கள். உயிரியலில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் கண்டறிதல்களில் இது ஒன்று.

ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்தது ஈ.கோலி. ஆக்சிஜன் கிடைத்தால் சுவாசிக்கும். கிடைக்காதபோது நைட்ரேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கும். அதுவும் இல்லையென்றால் சர்க்கரையை நொதிக்க வைத்து அசிட்டிக், லாக்டிக், சக்சினிக், ஃபார்மிக் அமிலங்களை வெளியேற்றும். ஃபார்மிக் அமிலத்தை மேலும் பிளந்து ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகிறது. பாலில் உள்ள லாக்டோஸையும் இது உணவாகக் கொள்ளும். இந்த அமிலமும் வாயுவும்தான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இதைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள்.

வெப்பநிலை இதன் வாழ்வைத் தீர்மானிக்கிறது. மனித உடலின் 37 டிகிரி செல்சியஸில் சத்துமிக்க ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். அந்த வேகம் தடைப்படாவிட்டால் ஒற்றைச் செல் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குடலுக்குள் இடமும் உணவும் போட்டிக்குரியவை என்பதால் அங்கே இவ்வளவு வேகம் இல்லை. ஆனால் கோடையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், அசுத்தக் கையோ அசுத்தத் தண்ணீரோ பட்ட சட்னி மதியம் முழுவதும் வெளியே இருந்தால், ஈ.கோலிக்கு அது ஏறத்தாழ ஆய்வகச் சூழல்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழி இரவின் குளிரில் இதே பெருக்கம் மிகவும் மந்தப்பட்டுவிடும். அதனால் குளிர்ந்த மலைநீர் பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவது தவறு. குளிர் இதன் பெருக்கத்தைத் தடுக்குமே தவிரக் கொல்வதில்லை. வெதுவெதுப்பான நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் ஈ.கோலி அதிக நாள் உயிரோடு இருக்கும்.

இதன் சொந்த இருப்பிடம் மனிதர் உள்ளிட்ட வெப்பரத்த விலங்குகளின் பெருங்குடல். அதிலும் குடற்சுவரை மூடியிருக்கும் சளிப்படலம். பிறந்த குழந்தையின் குடலில், பெரும்பாலும் தாயிடமிருந்து, சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் இது குடியேறிவிடுகிறது. புதுக் குடலில் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜனை முதலில் வந்த ஈ.கோலி போன்றவை செலவழித்த பிறகுதான், ஆக்சிஜன் பட்டால் வாழமுடியாத பாக்டீராய்டிஸ் போன்ற பெருங்கூட்டங்கள் நிலைகொள்ள முடிகிறது. வளர்ந்தவரின் குடலில் அந்தக் கூட்டங்களே ஆட்சி செய்கின்றன. மொத்த பாக்டீரியாக்களில் ஈ.கோலியின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் ஒரு கிராம் மலத்தில் அது கோடிக்கணக்கில் இருக்கிறது. வைட்டமின் கே-2 வகைச் சேர்மங்களை உண்டாக்குவதும், இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிகள் வேரூன்றாமல் தடுப்பதும் இதன் பயன்கள். பல கிளைகள் கோலிசின் என்னும் புரதங்களைச் சுரந்து தம் நெருங்கிய உறவுகளையே கொல்கின்றன. இதை 1925இல் ஆந்த்ரே கிராட்டியா கண்டறிந்தார்.

தியோடர் எசரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் மியூனிக் நகரில் இதை முதன்முதலில் விவரித்தார். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், நோயுற்ற குடலைப் புரிந்துகொள்வதற்கு முன் நலமான குழந்தையின் குடலில் என்ன வாழ்கிறது என்று தெரிய வேண்டும் என்று அவர் கருதினார். இன்று படிக்கும்போதும் அந்த வரிசைமுறையின் தெளிவு மதிப்புக்குரியது. அவர் இட்ட பெயர் பாக்டீரியம் கோலி கம்யூன். 1919இல் காஸ்டெல்லானி, சால்மர்ஸ் இருவரும் அவர் நினைவாக எசரிக்கியா என்ற பேரினத்தை அமைத்தார்கள். குழந்தைகளின் கோடைகால வயிற்றுப்போக்கு ஒன்றுக்கு இந்தச் சிற்றினத்தின் குறிப்பிட்ட கிளையே காரணமாவதை லண்டனில் ஜான் பிரே 1945இல் எடுத்துக்காட்டினார். நலமான குடலின் குடிவாசியாக அறியப்பட்ட ஒன்று நோய்க்கும் காரணமாகலாம் என்பது அழுத்தமாக நிறுவப்பட அறுபது ஆண்டுகள் ஆயின.

வகைப்பாட்டில் இதன் முகவரியை மேலிருந்து கீழாகச் சொன்னால், பாக்டீரியா என்ற பெரும்பிரிவில் சூடோமோனடோட்டா தொகுதி, காமாபுரோட்டியோபாக்டீரியா வகுப்பு, எண்டிரோபாக்டீரேல்ஸ் வரிசை, எண்டிரோபாக்டீரியேசி குடும்பம், எசரிக்கியா பேரினம், கோலி சிற்றினம். பழைய பாடநூல்களில் தொகுதியின் பெயர் புரோட்டியோபாக்டீரியா என்றிருக்கும். 2021இல் முறைப்படி மாற்றப்பட்டது. வரிசையின் இன்றைய பெயர் 2016இல் வந்தது. அந்த ஆண்டு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டுப் பழைய பெருங்குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தபோது, பிளேக் நோயை உண்டாக்கும் எர்சினியா தனிக் குடும்பத்துக்குப் போய்விட்டது. டைஃபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா, நிமோனியாவுக்குக் காரணமாகும் கிளெப்சியெல்லா, சிட்ரோபாக்டர் ஆகியவை ஈ.கோலியோடு ஒரே குடும்பத்தில் தங்கின. இந்த உறவினர்களை ஆய்வகத்தில் பிரித்தறிய நீண்ட காலமாகப் பயன்பட்டுவருவது நான்கு எளிய வேதிச் சோதனைகள்: டிரிப்டோஃபேனிலிருந்து இண்டோல் உண்டாக்குவதிலும் மெத்தில் ரெட் சோதனையிலும் ஈ.கோலி ‘ஆம்’ என்று பதில் தரும். வோகஸ்-பிராஸ்கவர் சோதனையிலும் சிட்ரேட்டை மட்டும் உண்டு வளர்வதிலும் ‘இல்லை’ என்று தரும். மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் மெக்கான்கி ஊடகத்தில் பார்க்கும் இளஞ்சிவப்புக் குடியிருப்புகள் லாக்டோஸை அது அமிலமாக்குவதன் விளைவு. சால்மொனெல்லா அதே தட்டில் நிறமின்றி வளரும்.

குடும்பத்துக்குள் மிகவும் சிக்கலான உறவு ஷிகெல்லாவோடு இருக்கிறது. 1897இல் ஜப்பானில் பரவிய சீதபேதியின்போது கியோஷி ஷிகா கண்டறிந்த அந்த பாக்டீரியாவுக்குத் தனிப் பேரினமும் நான்கு சிற்றினங்களும் வகுக்கப்பட்டன. மரபணுத்தொகுதிகளைப் படித்தபோது தெரியவந்தது வேறு. ஷிகெல்லா என்று அழைக்கப்படுபவை அனைத்தும் ஈ.கோலியின் மரக்கிளைகளுக்கு உள்ளேயே அமர்கின்றன; அதுவும் ஒரே கிளையில் அல்ல, வெவ்வேறு கிளைகளிலிருந்து பலமுறை தனித்தனியே தோன்றியவையாக. குடற்சுவரின் செல்களுக்குள் புகவைக்கும் ஒரு பெரிய பிளாஸ்மிட்டைப் பெற்றதும், கசையிழை போன்ற தேவையற்ற திறன்களை இழந்ததும் அவற்றை ஒரே சாயல் உள்ளவை ஆக்கின. பரம்பரையின் கணக்குப்படி ஷிகெல்லா தனிப் பேரினமாக இருக்க நியாயமே இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை. சீதபேதி என்ற நோயோடு அது அவ்வளவு இறுகிப் பிணைந்திருக்கிறது. மருத்துவர் ஒருவர் ‘ஷிகெல்லா’ என்று எழுதும்போது சிகிச்சை தெரிந்துவிடுகிறது, ‘ஈ.கோலி’ என்று எழுதினால் தெரியாது. வகைப்பாடு பரம்பரையை மட்டும் பின்பற்ற வேண்டுமா, பயன்பாட்டுக்கும் இடம் தர வேண்டுமா என்ற கேள்விக்கு நுண்ணுயிரியலில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இந்த ஒரு பெயரைப் பழையபடியே விட்டுவைத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

சிற்றினத்துக்குக் கீழேதான் உண்மையான வேறுபாடுகள் தொடங்குகின்றன. சேலத்துச் சந்தையில் மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, குண்டு என்று அடுக்கி வைத்திருக்கும் மாம்பழங்கள் அனைத்தும் ஒரே சிற்றினம். ஆனால் மணமும் அளவும் விலையும் வேறு. அதுபோல ஸ்ட்ரெயின் எனப்படும் கிளைவகைகள் ஈ.கோலிக்குள் எண்ணற்றவை. இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு: மாம்பழ வகைகளிடையே பெரும்பாலும் ஒரே மரபணுக்களின் சிறு மாற்றங்களைத்தான் காண்கிறோம், ஈ.கோலியின் கிளைகளிலோ மரபணுக்களே வேறு வேறு. 2009இல் 20 மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தவை ஏறத்தாழ 2,000 மரபணுக்கள் மட்டுமே. எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைத்த வெவ்வேறு மரபணுக்கள் 18,000ஐ நெருங்கின. ஒவ்வொரு செல்லிலும் இருப்பது நாலாயிரத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம். அதாவது ஒரு ஈ.கோலியில் உள்ள மரபணுக்களில் பாதிக்கு மேல் எல்லா ஈ.கோலிகளுக்கும் பொதுவானவை அல்ல. ‘சிற்றினம்’ என்ற சொல்லை விலங்குகளில் நாம் புரிந்துகொள்ளும் விதத்தில் இங்கே புரிந்துகொள்ளக் கூடாது.

இந்தக் கிளைகளை அடையாளப்படுத்த 1940களில் ஃபிரிட்ஸ் காஃப்மன் வகுத்த முறை இன்றும் செய்தித்தாள் வரை வந்துவிடுகிறது. செல்லின் வெளிப்பரப்பிலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் சர்க்கரைத் தொடருக்கு ஓ எண், கசையிழைப் புரதத்துக்கு எச் எண், மேலுறைக்குக் கே எண். ஓ157:எச்7 என்று படிக்கும்போது நாம் படிப்பது இந்த மேற்பரப்பு அடையாளங்களைத்தான். இவை உயிரியின் சட்டையைச் சொல்பவை. நோய் உண்டாக்கும் திறனை நேரடியாகச் சொல்வதில்லை. பரம்பரையை ஒட்டிய பிரிப்பு ஏ, பி1, பி2, டி, இ, எஃப் முதலான வம்சக் குழுக்களாக அமைகிறது. பொதுவாகச் சொன்னால், குடலோடு நின்றுவிடும் பல கிளைகள் ஏ, பி1 குழுக்களிலும், சிறுநீர்ப்பாதைக்கும் இரத்தத்துக்கும் தாவக்கூடியவை பி2, டி குழுக்களிலும் மிகுதி.

ஆய்வகங்களில் நூறாண்டாக வளர்க்கப்படும் கே-12 கிளையைப் பற்றி ஒரு சொல். 1922இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டிஃப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வழிவந்தவை ஓ சர்க்கரைத் தொடரையே இழந்துவிட்டன. மனிதக் குடலில் நிலையாகக் குடியேறவும் அவற்றால் முடிவதில்லை. பாக்டீரியாக்களும் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று 1946இல் லெடர்பெர்கும் டேட்டமும் காட்டியதும், லாக்டோஸ் இருக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் மரபணுக்கள் எப்படித் திறக்கின்றன என்று ழாக்கோபும் மோனோவும் 1961இல் விளக்கியதும் இதைக்கொண்டுதான். 1997இல் இதன் டி.என்.ஏவிலுள்ள 46 லட்சம் கார இணைகளும் முழுமையாகப் படிக்கப்பட்டன. மனித இன்சுலின் மரபணுவை ஈ.கோலியில் வைத்துத் தயாரித்த மருந்து 1982இல் அனுமதி பெற்றது. சேலத்து மருந்துக்கடைகளின் குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலின் குப்பிகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

நோய் உண்டாக்கும் கிளைகள் எப்படித் தோன்றுகின்றன என்பதுதான் இந்தப் பொருளின் மிகச் செறிவான பகுதி. சாதாரண ஈ.கோலி ஒன்று பிளாஸ்மிட் வழியாகவோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜ் வழியாகவோ சில மரபணுக்களைப் பெற்றால் போதும். அதன் இயல்பு அடியோடு மாறிவிடும். நம் நாட்டில் சிறு குழந்தைகளின் நீர்த்த வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான கிளைகள், பிளாஸ்மிட்டில் வந்த இரண்டு வகை நச்சுகளைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்று காலரா நச்சின் நெருங்கிய உறவு. அவை குடற்சுவரைக் கிழிப்பதில்லை. சுவரின் செல்கள் நீரையும் உப்பையும் வெளியே கொட்டும்படி செய்துவிடுகின்றன. ஆகவேதான் அந்த நோய்க்கு முதல் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல். ஓ157:எச்7இன் கதை வேறு. 1982இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி வழியே பரவியபோது அடையாளம் காணப்பட்ட அது, ஒரு ஃபேஜ் வழியாக ஷிகா நச்சின் மரபணுவைப் பெற்ற கிளை. 2001இல் அதைக் கே-12உடன் ஒப்பிட்டபோது, கே-12இல் இல்லாத 1,387 மரபணுக்கள் ஓ157:எச்7இல் இருந்தன. அந்த நச்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்ணிய நாளங்களைச் சிதைக்கிறது. குழந்தைகளில் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம். மாடுகளின் குடலில் அது நோயின்றி வாழ்கிறது, ஏனெனில் அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு மாடுகளின் இரத்தநாளங்களில் இல்லை.

மூன்றாவதாக, சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் முக்கால் பங்குக்குக் காரணமான கிளைகள். இவற்றுக்கு நச்சைவிட முக்கியம் பிடிப்பு. நுனியில் ஒட்டும் புரதம் கொண்ட நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொண்டு, சிறுநீர் அடித்துச் செல்லாதபடி நிற்கின்றன. இவை வெளியிலிருந்து வருவதில்லை; பெரும்பாலும் அதே மனிதரின் குடலில் தீங்கின்றி வாழ்ந்துகொண்டிருந்தவைதாம். இதே பி2 குழுவில்தான் நிஸ்லே 1917 என்ற கிளையும் இருக்கிறது. முதல் உலகப்போரில் சகவீரர்கள் சீதபேதியால் வீழ்ந்தபோது தப்பிய ஒரு படைவீரரிடமிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த அது, இன்றும் ஜெர்மனியில் குடல் நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. சிறுநீரகத் தொற்று உண்டாக்கும் ஒரு கிளையும், மருந்தாகக் குடிக்கப்படும் ஒரு கிளையும் பரம்பரையில் அருகருகே நிற்கின்றன.

இனித் தண்ணீருக்கு வருவோம். குடிநீரில் ஈ.கோலியைத் தேடுவதன் நோக்கம் அந்தக் குறிப்பிட்ட நோய்க்கிளைகளைப் பிடிப்பது அன்று. டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது கடினம். ஆனால் அவை அனைத்தும் மலம் வழியேதான் நீரில் கலக்கின்றன. ஈ.கோலியோ எல்லோர் மலத்திலும் ஏராளமாக இருக்கிறது. வெளியே நீண்ட காலம் பெருகி வாழ்வது அரிது. விதைபோல் உறங்கும் வித்துகளையும் உண்டாக்குவதில்லை. ஆகவே அது நீரில் இருந்தால், அண்மையில் ஏதோ ஒரு குடலிலிருந்து அந்த நீருக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், எந்த 100 மில்லிலிட்டர் மாதிரியிலும் அது கண்டறியப்படக் கூடாது என்கிறது. ஆய்வகத்தில் லாக்டோஸ் கலந்த ஊதாநிற ஊடகத்தில் நீரை ஊற்றி 37 டிகிரியில் வைக்கிறார்கள். அமிலத்தால் நிறம் மஞ்சளாகி, தலைகீழாகச் செருகிய சிறு குழலில் வாயு சேர்ந்தால், அடுத்து 44 டிகிரியைத் தாண்டிய சூட்டில் மீண்டும் வளர்த்துப் பார்க்கிறார்கள். மண்ணிலும் இலைச்சருகிலும் வாழும் உறவினர்களில் பல அந்தச் சூட்டில் பின்தங்கிவிடும், ஈ.கோலி வளரும். இதில் கவனிக்கத்தக்க ஒன்று, அச்சத்துக்குரிய ஓ157:எச்7 அந்தச் சூட்டில் சரியாக வளர்வதில்லை என்பதால் இதே சோதனையில் தப்பிவிடக்கூடும். சோதனை தேடுவது வழியை, குற்றவாளியை அல்ல. கிராமங்களில் நீரைச் சோதிக்கப் பயன்படும், அசுத்த நீர் பட்டால் கறுப்பாக மாறும் சிறு குப்பிகளும் அப்படித்தான். அவற்றைக் கறுக்க வைக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை ஈ.கோலி பொதுவாக உண்டாக்குவதில்லை. குடலிலிருந்து அதோடு சேர்ந்து வரும் பிற பாக்டீரியாக்களே உண்டாக்குகின்றன.

சேர்வராயன் மலையில் இந்த முடிவைப் படிப்பதற்கு உள்ளூர் அறிவு வேண்டும். மலையின் உடல் சார்னோகைட் பாறை. அதில் நீர் நடப்பது விரிசல்கள் வழியாக. ஆழமான மண்ணில் மெல்ல ஊறி இறங்கும் நீரிலிருந்து பாக்டீரியாக்கள் வடிகட்டப்படுகின்றன. பாறை விரிசலில் அப்படி நடப்பதில்லை. சரிவின் மேலே வெட்டிய கழிவறைக் குழியிலிருந்து கீழே உள்ள ஊற்றுக்கு மழைக்காலத்தில் நேர்வழி கிடைத்துவிடலாம். காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கும் காட்டெருமைகள், குரங்குகள், மேய்ச்சல் மாடுகள், ஆடுகள் அனைத்தும் ஈ.கோலியைச் சுமப்பவை. ஆகவே காட்டோடையில் சிறிதளவு ஈ.கோலி காணப்பட்டால் அது மனிதக் கழிவாகவே இருக்க வேண்டியதில்லை. வெப்பமண்டல மண்ணில் சில கிளைகள் குடலின்றியும் நிலைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருந்தாலும் அந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. மாட்டின் குடலிலிருந்து வருவதிலும் தீங்கு இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். மலையில் பிறந்து சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றில் இந்தக் குழப்பமே இல்லை. நகரின் சாக்கடை நேராக அதில் கலக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் சுத்திகரித்துக் குளோரின் சேர்த்து அனுப்பப்பட்டாலும், குழாய் உடைந்து சாக்கடையோடு ஒட்டி ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும்போது வெளிநீர் உள்ளே இழுக்கப்படலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

ஏற்காட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. அந்த உயரத்தில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போதும். பாலை 72 டிகிரியில் 15 வினாடி வைத்தாலே ஈ.கோலி அழிந்துவிடுகிறது, நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வேறு பல கிருமிகளும் அழியும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச் செல் உயிரிகள்கூடக் கொதிநீரில் நிற்பதில்லை. ஈ.கோலி இல்லை என்று அறிக்கை வந்தாலும் அத்தகையவை இருக்கக்கூடும் என்பதால் மலைநீரைக் காய்ச்சுவதே நல்லது.

உணவிலும் இதே அறிவு பயன்படும். மாலை வேளையில் சேலத்துத் தெருக்களில் விற்கும் தட்டுவடை செட்டில் எண்ணெயில் பொரித்த தட்டுவடைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதன் மேல் வைக்கும் பச்சைக் கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவலும் சட்னியும் எந்த நீரில் கழுவி அரைக்கப்பட்டன என்பதுதான் கேள்வி. 2011இல் ஜெர்மனியில் ஓ104:எச்4 என்ற கிளை ஐம்பது பேர் அளவில் உயிரிழக்கக் காரணமானது. அது பரவியது வேகவைக்காத வெந்தய முளைகள் வழியே. வீதிக்கடைக்காரருக்குச் சுத்தமான குழாய்நீர் கிடைக்கச் செய்வது, அவரைக் குறைசொல்வதைவிடப் பலமடங்கு பயனுள்ளது.

மருந்து எதிர்ப்பும் பிளாஸ்மிட் வழியே பரவும் ஒன்றுதான். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்கள் ஒரு ஈ.கோலியிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து கிளெப்சியெல்லாவுக்கும் கைமாறுகின்றன. சளிக்கு வாங்கிய மீதி மாத்திரையைச் சிறுநீர் எரிச்சலுக்கும் போட்டுக்கொள்ளும்போது, குடலிலுள்ள பலவீனமான கிளைகள் அழிந்து அந்த மரபணு உள்ளவை மட்டும் மிஞ்சுகின்றன. தொற்று என்று மருத்துவர் சந்தேகித்தால் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சாப்பிடுவதே முறை.

அந்தச் சோதனையிலும் இதே பெயர்தான் வரும், ஆனால் பொருள் வேறு. தொற்றின் அறிகுறிகள் இருந்து, சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் ஈ.கோலி என்று வந்தால் அது பொதுவாகத் தொற்று என்றே கொள்ளப்படும்; எரிச்சலும் வலியும் தெளிவாக இருக்கும் பெண்களில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத்தக்கது. இரத்த வளர்ப்புச் சோதனையில் ஒரே ஒரு குப்பியில் வளர்ந்தாலும் அது அவசர நிலை. மல வளர்ப்புச் சோதனையிலோ எல்லோரிடமும் ஈ.கோலி வளரும் என்பதால், ஆய்வகங்கள் பொதுவாக அதை அறிக்கையில் எழுதுவதில்லை. சால்மொனெல்லா, ஷிகெல்லா இருக்கின்றனவா என்று மட்டும் சொல்கின்றன. இரத்தம் கலந்த பேதியோடு சிறுநீர் குறைந்துவரும் குழந்தையிடம் ஷிகா நச்சுள்ள கிளையைச் சந்தேகித்தால், மருத்துவர் அதைத் தனியே குறிப்பிட்டு, நச்சையோ அதன் மரபணுவையோ தேடும் சோதனையைக் கேட்க வேண்டும்; அந்தத் தொற்றில் சில ஆன்டிபயாடிக் மருந்துகள் நச்சு வெளியாவதைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், முடிவு தெரியும் முன் வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.